மைனஸ் 20ல் மர உச்சி வேட்டை: உடுப்பு, பூட்ஸ், அடுப்பு – எது தாங்குகிறது?

வடகாட்டான் | லிக்ஸெலே, ஸ்வீடன்

வணக்கம் நண்பர்களே. குளிர்கால வேட்டைக்கு என்ன உடுப்பு வாங்குவது என்று தனிமடலில் பலர் கேட்கிறீர்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் போடுவதை விட இங்கேயே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் தெரிந்ததைச் சேர்த்தால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

நான் சொல்வது வட ஸ்வீடனின் வெஸ்டர்பொட்டன் மாவட்டக் காடுகளில் ஜனவரியில் நடக்கும் மர உச்சி வேட்டையைப் பற்றி. பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: ஷேடர் என்கிற பெரிய காட்டுக்கோழியும், ஓரெ என்கிற கருங்காட்டுக்கோழியும், தரையைப் பனி மூடியதும் இரை தேடி மரத்துக்கு ஏறிவிடும். ஷேடர் பைன் ஊசியிலையைத் தின்னும். ஓரெ பிர்ச் மரத்தின் மொட்டையும் பூங்கதிரையும் தின்னும். விடிந்ததும் மர உச்சியில் உட்கார்ந்து மேய ஆரம்பிக்கும். நாம் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு ஸ்கீயில் ஓசையில்லாமல் நெருங்கி, நூறு, நூற்றைம்பது மீட்டரிலிருந்து ரைஃபிளால் சுட வேண்டும். ஜனவரியில் சேவலை மட்டும்தான் சுடலாம். 31ஆம் தேதியோடு சீசன் முடிந்துவிடும். ஷேடர் சேவல் நாலு கிலோ அளவுக்கு இருக்கும். அவ்வளவு பெரிய பறவை, ஆனால் அதன் கண்ணையும் காதையும் ஏமாற்றுவது லேசில்லை.

உடுப்புக்கு வருகிறேன். இந்த வேட்டையில் ஒரு மணி நேரம் உடம்பு கொதிக்க ஸ்கீயில் போவோம். அப்புறம் ஒரு மரத்தடியில் அசையாமல் அதே அளவு நேரம் நிற்போம். லேபிளில் போட்டிருக்கும் மைனஸ் 30, மைனஸ் 40 எல்லாம் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் சோதித்துப் போட்ட எண் இல்லை. என் முடிவு இது: இந்தக் காட்டில் ஆளைக் கெடுப்பது வெறும் குளிர் இல்லை, வேர்வையும் சத்தமும்தான். வாங்கும் எதையும் இந்த இரண்டுக்கும் சோதித்துப் பாருங்கள்.

முதலாவது, நீர்புகா மெம்பரேன் (துணிக்குள் ஒட்டிய மெல்லிய படலம்) வைத்த ஜாக்கெட். மைனஸ் 15க்குக் கீழே மழையே கிடையாது. தண்ணீரைத் தடுப்பதற்கு அங்கே வேலை இல்லை. உடம்பிலிருந்து போகும் ஆவி மெம்பரேனைத் தாண்டுவதற்குள் உள்பக்கமே உறைந்துவிடும். நின்ற பிறகு ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் தோள்பட்டையிலும் முதுகிலும் மெல்லிய வெண்படலம் உட்கார்ந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். கூடாரத்துக்குள் போனதும் அதெல்லாம் தண்ணீர். இலையுதிர்காலத்தில் மூஸ் என்கிற பெரிய மான் வேட்டைக்கு அந்த ஜாக்கெட் அருமை, ஜனவரிக்கு வேண்டாம். பருத்தியும் பாலியஸ்டரும் நெருக்கமாக நெய்த துணி போதும். ஃபியல்ராவெனின் ஜி-1000 அப்படிப்பட்ட துணிதான், 65 சதவீதம் பாலியஸ்டர், 35 சதவீதம் பருத்தி. அதற்கு மெழுகு பூசும் வழக்கம் உண்டு. கடுங்குளிருக்குப் போகும்போது பூசாதீர்கள். மெழுகு ஏற ஏறத் துணி மூச்சு விடுவது குறையும்.

உள்ளே கம்பளி. ஊஸ்டர்சுண்டில் தயாராகும் வூல்பவர் மாதிரியான, உள்பக்கம் சுருள் சுருளாகப் பின்னிய கம்பளி. சதுர மீட்டருக்கு 200 கிராமில் ஒன்று ஸ்கீயில் போகும்போது. 400 கிராமில் இன்னொன்று பையில் இருக்கட்டும். நிற்கிற இடத்துக்கு வந்ததும், உடம்பு சூடாக இருக்கும்போதே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். குளிர் தெரிந்த பிறகு போட்டால் திரும்பச் சூடேற வெகுநேரம் ஆகும்.

சத்தத்துக்கு ஒரு சோதனை. கடையிலேயே செய்யலாம். நண்பரை ஐந்து மீட்டர் தள்ளிக் கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் கையை உயர்த்தி ரைஃபிள் பிடிக்கிற மாதிரி செய்யுங்கள். அவருக்குக் கேட்டால் அந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள். கடையின் சூட்டில் மெத்தென்று இருக்கும் நைலான் குளிரில் விறைத்துச் சரசரக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெல்க்ரோ வைத்த பை வேண்டவே வேண்டாம். எங்கள் குழுவில் ஒருவர் தோட்டா எடுக்க மார்புப் பையைத் திறந்தார். பிரிந்த சத்தம் எனக்கே கேட்டது, நான் நாற்பது மீட்டர் தள்ளி நின்றேன். சேவல் அடுத்த நொடியே பறந்துவிட்டது. பொத்தான்தான் நல்லது.

ரைஃபிள் பற்றித் தனியாக எழுதுகிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

புதுத்தடம் | ஸ்டாக்ஹோம்

அருமை அண்ணா. இரண்டு கேள்வி. ஒன்று, கேஸ் அடுப்பு போதுமா, இல்லை ஸ்பிரிட்டில் எரியும் ட்ராங்கியா அடுப்பு வாங்க வேண்டுமா? இரண்டு, பூட்ஸ். கடையில் மைனஸ் 40க்குத் தாங்கும் என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். மைனஸ் 12லேயே கால் விரல் மரத்துப்போகிறது. கம்பளி சாக்ஸ் இரண்டு போட்டும் அதே கதைதான்.

வடகாட்டான்

தம்பி, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. இரண்டு சாக்ஸைத் திணித்ததால் பூட்ஸ் இறுகிவிட்டது. இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், காற்று நிற்க இடமும் இருக்காது. ஒன்றரை அளவு பெரிதாக எடுங்கள். உள்ளே விரலை மடக்கி நீட்ட முடிய வேண்டும். கழற்றி எடுக்கக்கூடிய ஃபெல்ட் உறை உள்ளதாக இருக்கட்டும். ராத்திரி அதைத் தனியாக உருவிக் காயவைக்காவிட்டால் இரண்டாம் நாள் எந்த பூட்ஸும் தோற்றுவிடும். லுண்ட்ஹாக்ஸ் தயாரிக்கும் உள்பஞ்சு இல்லாத தோல் பூட்ஸ் இங்கே பலருக்குப் பிடித்ததற்குக் காரணமும் இதுதான். சூட்டைத் தருவது சாக்ஸ், காயவைக்க வேண்டியதும் சாக்ஸ் மட்டும்தான்.

நிற்கும்போது நேராகப் பனி மேல் நிற்காதீர்கள். ஸ்ப்ரூஸ் கிளை நாலைந்தைக் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள். விழுந்து கிடக்கும் கிளையாக இருக்க வேண்டும். நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் உயிர்மரத்தை வெட்டக் கூடாது.

அடுப்புக்கு: பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை வரும். புரோப்பேன் மைனஸ் 42 வரை. உருளையில் இருப்பது இவற்றின் கலவை. மைனஸ் 20ல் புரோப்பேன் மட்டும் முதலில் தீர்ந்துபோகும். மீதியெல்லாம் திரவமாகவே கிடக்கும். உருளை கனமாகவே இருக்கும், சுடர் மட்டும் வராது. உருளையைத் தலைகீழாக வைத்துத் திரவத்தை இழுக்கும் அடுப்பு, அல்லது பெட்ரோல் வகை எரிபொருள் அடுப்பு, இரண்டில் ஒன்று வாங்குங்கள். ட்ராங்கியா எங்கள் யெம்ட்லாண்ட் பக்கத்துப் பொருள், 1951ல் வந்த அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. உடைய ஒன்றுமில்லை, சத்தமும் கிடையாது. ஆனால் ஸ்பிரிட்டும் கடுங்குளிரில் தீக்குச்சிக்குப் பிடிக்காது. பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, பிர்ச் பட்டையைக் கொளுத்திப் பற்றவையுங்கள்.

வலைச்சட்டை | ஆல்ட்டா, நோர்வே

அண்ணை, நல்ல பதிவு. உள்ளுடுப்பில் ஒரு விசயம் விட்டுப் போனது, அதுக்காகவே எழுதுகிறேன்.

கம்பளிக்கு உள்ளே வலைச்சட்டை போடுங்கள். 1930களில் நோர்வே இராணுவத்தில் இருந்த ஹென்ரிக் ப்ரூன் என்ற அதிகாரி பழைய மீன்பிடி வலையில் தைத்துப் பார்த்த சட்டை அது. இன்றைக்கு ப்ரூன்யே நிறுவனம் செய்து விற்கிறது. பார்க்க ஓட்டை ஓட்டையாக இருக்கும், கடையில் தூக்கிப் பார்த்தால் வாங்க மனம் வராது. ஆனால் அந்த ஓட்டைகளில் நிற்கிற காற்றுத்தான் சூடு. ஈரம் தோலில் ஒட்டாமல் மேலே கம்பளிக்குப் போய்விடும். ஏறும்போது மேலங்கியின் கழுத்தைத் திறந்துவிட்டால் சூடு முழுக்க வெளியேறும், நிற்கும்போது மூடினால் திரும்ப வரும். எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியான பின்மார்க் கரையோரத்து மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த எங்கட ஆட்கள் பலருக்குக் குளிர் உடுப்பைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தது கூட வேலை செய்த நோர்வேக்காரர்தான். என்ர மாமாவுக்கும் அப்படித்தான். அவர் எனக்குச் சொன்னார்.

இங்கே நாங்கள் போவது ரீப்பெ வேட்டைக்கு. பனிக்காலத்தில் முழு வெள்ளையாக மாறுகிற காட்டுக்கோழி. வடக்கு மாவட்டங்களில் மார்ச் நடுப்பகுதி வரை காலம் இருக்கிறது. கண்ணி வைத்துப் பிடிக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. பின்மார்க் உள்நாட்டில் இது வெகு காலப் பழக்கம். மரமில்லாத மேட்டு நிலம் என்றபடியால் எங்களுக்குக் காற்றுத்தான் பெரிய எதிரி. உங்கட காட்டில் மைனஸ் 25 எனக்குப் பயமில்லை. இங்கே மைனஸ் 10, பலத்த காற்று, அதுதான் முகத்தைத் தின்னும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் அடிக்கடி பார்க்க வேண்டும். மூக்கிலோ கன்னத்திலோ வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தால் உடனே வெறுங்கையை வைத்துச் சூடாக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது இன்னும் மோசம்.

ஓலுமலர் | ஓலு, ஃபின்லாந்து

எல்லாம் சரி. ஆனால் நிற்கும்போது போட 400 கிராம் கம்பளி மட்டும் போதும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இறகு ஜாக்கெட் எடுத்துப் போங்கள். இறகு நனைந்தால் கெட்டுப்போகும் என்று எல்லாரும் சொல்கிறோம், மைனஸ் 20ல் எதில் நனையப்போகிறது? வறண்ட குளிர், வறண்ட பனி. அந்த எடைக்கு அவ்வளவு சூடு தரும் பொருள் வேறு இல்லை. சத்தம் வரும் என்பது உண்மை. அதற்கு நான் செய்வது, இரண்டு அளவு பெரிய வெள்ளைப் பருத்தி மேலங்கி ஒன்றை அதன் மேலே மாட்டிக்கொள்வேன். வெள்ளையும் ஆச்சு, சத்தமும் அடங்கிற்று.

எங்கள் பக்கம் வேட்டை கொஞ்சம் வேறு. எங்களுக்கு நாய்தான் எல்லாம். ஃபின்லாந்தின் தேசிய நாய், நரி நிறத்தில் கூர்க்காதோடு இருக்கும் ஸ்பிட்ஸ். அது காட்டில் மெட்ஸோவை (வடகாட்டான் சொல்லும் ஷேடர்தான்) எழுப்பி மரத்தில் ஏற்றிவிடும். அப்புறம் அடியில் நின்று விடாமல் குரைக்கும். பறவை கீழே பார்த்துக்கொண்டே இருக்கும். அதன் கவனம் நாய் மேல் இருக்கும் நேரத்தில்தான் நாம் நெருங்க முடியும். குரைப்பு நின்றால் நாமும் நிற்க வேண்டும், ஒரு காலைத் தூக்கியிருந்தால் தூக்கியபடியே. திரும்பக் குரைத்தால் நாலு அடி. இப்படி இருநூறு மீட்டரைக் கடக்க அரை மணி நேரம் கூட ஆகும். உடுப்புச் சோதனை என்று நீங்கள் சொல்வது எங்களுக்கு இங்கேதான் நடக்கும். முழங்கால் பனியில் ஊன்றியிருக்கும், கால்சட்டையின் முட்டி நனைந்து உறைந்துவிடும். முட்டியில் இரட்டைத் துணி இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கவே மாட்டேன்.

பனி ஆழமானால் நாயால் வேலை செய்ய முடியாது. நாய் நீந்துகிற அளவுக்குப் பனி வந்ததும் நாங்கள் நிறுத்திவிடுவோம். விரல்களுக்கு நடுவே பனி உருண்டை கட்டும், இடைவேளையில் ஒவ்வொரு பாதமாக எடுத்துப் பார்த்து உருக்கிவிட வேண்டும். கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டாயம். கிழக்கே ஓநாய் உள்ள பகுதிகளில் ஆண்டுதோறும் வேட்டை நாய்கள் கொல்லப்படுகின்றன. போகிற இடத்தில் ஓநாய்த் தடம் உண்டா என்று முதல் நாள் விசாரிக்காமல் நாயை அவிழ்க்க மாட்டோம்.

வடகாட்டான்

மலர் அக்கா, ஒரு நாள் பயணத்துக்கு இறகு நல்லது, ஒப்புக்கொள்கிறேன். சூடான குடிசைக்கு மாலையில் திரும்பினால் காய்ந்துவிடும். ஆனால் அடுப்பில்லாத கூடாரத்தில் தொடர்ந்து தங்கினால் உடம்பின் ஆவி ஒவ்வொரு நாளும் இறகுக்குள் உறைந்து சேரும். நாலாம் நாள் பிழிந்தால் கட்டி கட்டியாகக் கையில் தட்டுப்படும். அதற்காகத்தான் செயற்கைப் பஞ்சை நான் விரும்புகிறேன். பருத்தி மேலங்கி யோசனை பிரமாதம், செய்து பார்க்கிறேன்.

முல்லைக்கொடி | ஹெல்சிங்கி

உங்கள் உடுப்புப் பேச்சுக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் வேட்டைக்காரி இல்லை. இந்தக் காடுகளில் குளிர்காலத்தில் நடப்பது எனக்கு உயிர். கருங்காட்டுக்கோழி பனிக்குள் குழி தோண்டி இரவெல்லாம் அதற்குள் தூங்கும், வெளியே எத்தனை குளிரானாலும் உள்ளே உறைநிலைக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். சக்தியை அவ்வளவு சிக்கனமாக வைத்துக்கொண்டு பிழைக்கிற பறவை. அதற்கு மிகக் கஷ்டமான மாதத்தில், அது உண்ண வெளியே வரும் கொஞ்ச நேரத்தில் போய்ச் சுடுவது நியாயமா? குறி தப்பினாலும் அதை விரட்டிய கணக்கு இருக்கிறதே. இதை யாராவது மனம் திறந்து பேசுங்கள்.

ஓலுமலர்

கொடி, நல்ல கேள்வி. எனக்கும் உறுத்துகிற கேள்வி. என் பதில் இது.

எத்தனை சுடலாம் என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை. ஆகஸ்டில் நாடு முழுக்கத் தன்னார்வலர்கள் கணக்கெடுக்கிறார்கள். பக்கத்துக்கு நாலு கிலோமீட்டராக ஒரு முக்கோணம், மொத்தம் 12 கிலோமீட்டர். மூன்று பேர் வரிசையாக இருபது மீட்டர் இடைவெளியில் நடந்து, எழும்புகிற ஒவ்வொரு பறவையையும், குஞ்சா தாயா என்று குறித்துக்கொள்வார்கள். 1980களின் கடைசியிலிருந்து நடக்கிறது. நடப்பவர்களில் பெரும்பாலோர் வேட்டைக்காரர்களே. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த ஆண்டு எந்தப் பகுதியில் எத்தனை நாள் வேட்டை என்று அரசு அறிவிக்கிறது. குஞ்சு குறைந்த ஆண்டில் சில பகுதிகளை மூடியே விடுவார்கள். நான் ஒவ்வோர் ஆகஸ்டும் அந்த முக்கோணத்தை நடக்கிறேன், கொசுக்கடியோடு. அந்த நடை இல்லாமல் இலையுதிர்காலத்தில் துப்பாக்கியைத் தூக்க எனக்கு மனசு வராது.

குளிர்கால விரட்டலைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதனால்தான் ஒரே மரக்கூட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போகக் கூடாது என்று எங்கள் குழுவில் பேசி வைத்திருக்கிறோம். கடுங்குளிர் நாளில் போகவே மாட்டோம்.

வடகாட்டான்

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மேல்நோக்கிச் சுடும் குண்டு தப்பினால் பல கிலோமீட்டர் போகும். பறவைக்குப் பின்னால் குன்றோ மேடோ இல்லை என்றால் சுடக் கூடாது. வானத்தை வெட்டிக்கொண்டு உச்சியில் சேவல் தெளிவாக உட்கார்ந்திருக்கும், அழகான காட்சி. அதைத்தான் பெரும்பாலும் விட்டுவர வேண்டியிருக்கும். வருடத்துக்கு ஒன்று கிடைத்தால் எனக்கு நல்ல வருடம்.

முல்லைக்கொடி

நன்றி. எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அந்த ஆகஸ்ட் கணக்கெடுப்புக்கு வேட்டைக்காரர் அல்லாதவர் வரலாமா? வரலாம் என்றால் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

ஓலுமலர்

தாராளமாக வரலாம். தனிமடல் அனுப்புகிறேன்.

யொக்மொக்வாசி | நோர்பொட்டன், ஸ்வீடன்

இங்கே யாரும் தொடாத ஒன்று: யார் நிலத்தில் வேட்டையாடுகிறீர்கள்? காட்டில் யாரும் நடக்கலாம், கூடாரம் போடலாம் என்ற உரிமையில் வேட்டை சேராது. வேட்டை உரிமை நிலத்தோடு போவது. வடக்கே மலைப்பகுதி அரசு நிலத்தில் சிறுவேட்டைக்கான அனுமதியை 1993லிருந்து மாவட்ட நிர்வாகம் எல்லாருக்கும் திறந்துவிட்டது. இந்த வடக்கு நிலத்தின் பூர்வகுடிகளான சாமி மக்களைக் கேட்காமலேயே. கிர்யாஸ் என்ற, கலைமான் வளர்க்கும் சாமி சமூகம் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஜனவரி 23ல் தீர்ப்பு வந்தது: அவர்கள் பகுதியில் சிறுவேட்டை, மீன்பிடி அனுமதியை வழங்கும் உரிமை அவர்களுக்கே. அனுமதிச்சீட்டு எடுக்கும் முன் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், குளிர்காலத்தில் கலைமான் பனியைக் கிளறிப் பாசியைத் தின்னும் காடுகள்தான் உங்கள் பறவைக் காடும். மந்தையைப் பார்த்தால் சுற்றிப் போங்கள். நாயைக் கட்டுங்கள். ஓடவிட்ட ஒவ்வொரு முறையும் அதன் கொழுப்பு கரைகிறது. சினை மான்களும் அதில் இருக்கும். 2024 ஜனவரியில் க்விக்யொக்கில் மைனஸ் 43.6 வரை போனதே, அந்த மாதிரி வாரத்தில் ஒரு மந்தையை விரட்டுவது என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

புதுத்தடம்

இதையெல்லாம் கடையில் யாரும் சொல்லவில்லை. மிக்க நன்றி. வேட்டைத் தேர்வை வெளிநாட்டவர் எழுதலாமா? அண்ணா, ரைஃபிள் பற்றித் தனியாக எழுதுகிறேன் என்றீர்களே.

வடகாட்டான்

எழுதலாம் தம்பி. ஸ்வீடனில் 1985லிருந்து தேர்வு கட்டாயம். எழுத்துத் தேர்வும் சுடும் தேர்வும் உண்டு. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் காவல்துறையிடம் தனி உரிமம், வீட்டில் அங்கீகரிக்கப்பட்ட இரும்பு அலமாரி. தேர்வுக்குக் கூடிப் படிக்கும் படிப்பு வட்டத்தில் சேருங்கள். உங்களைக் கூட்டிப்போகும் குழு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

ரைஃபிள்: போல்ட்டைப் பிரித்து எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். சாதாரண துப்பாக்கி எண்ணெய் மைனஸ் 20ல் தேன் மாதிரி இறுகும். சுடும் ஊசி மெதுவாக முன்னால் போகும், தோட்டாவின் அடியில் லேசான பள்ளம் மட்டும் விழும், வெடிக்காது. கிராஃபைட் பொடி துளி போதும். குழலின் வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள், பனி புகாது, அப்படியே சுடலாம். தோட்டாவில் குண்டுக்கு முழு உலோக உறை போட்டதை எடுங்கள், விரிகிற தோட்டா பறவையின் இறைச்சியைச் சிதைத்துவிடும். தோட்டா அளவில் 6.5×55 இங்கே பரவலாக இருக்கும், .222ம் போதும்.

ஸ்கோப்பில் மூச்சு படக் கூடாது. ஒரு தடவை பட்டால் கண்ணாடியில் உறைந்துவிடும், விரலால் துடைத்தால் இன்னும் மங்கும். கண்ணை வைக்கும் முன் மூச்சைக் கீழ்நோக்கி விட்டுவிட்டு வையுங்கள். நின்றபடி சுட ஸ்கீ கம்பு இரண்டையும் குறுக்காகப் பிடித்து அதன் மேல் குழலைச் சாயுங்கள். கையுறை பற்றி ஒரே வரி: மெல்லிய கம்பளி உள்ளே, மேலே விரல் பிரியாத தோல் மிட்டன், கழற்றினால் கீழே விழாமல் கயிற்றில் தொங்க வேண்டும்.

வலைச்சட்டை

மாலையில் ரைஃபிளை வீட்டுக்குள் கொண்டு வரும்போது வெளியிலேயே உறைக்குள் போட்டு மூடிவிட்டு எடுத்து வாருங்கள். உள்ளே வந்தும் சில மணி நேரம் திறக்க வேண்டாம். ஈரமெல்லாம் உறைக்கு வெளியே படியும், இரும்பில் படியாது. தொலைநோக்கிக்கும் இதே வழிதான். தலைவிளக்குக்கு லித்தியம் ஏஏ மின்கலம், சாதாரண அல்கலைன் குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். ரொவானியெமி பக்கம் டிசம்பர் கடைசியில் பகல் இரண்டேகால் மணி நேரம்தான், ஆல்ட்டாவில் சூரியனே எழும்பாது, ஆனபடியால் விளக்கில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கைபேசியை உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள்.

ஓலுமலர்

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேல்பக்கம்தான் கட்டும், திருப்பினால் வாய் திறந்திருக்கும். ஃபின்லாந்தில் திறந்த தீ மூட்ட நில உரிமையாளர் அனுமதி வேண்டும். வரைபடத்தில் குறித்திருக்கும் லாவு சாய்குடில்களில் தீமேடை தயாராக இருக்கும். அனுமதி உள்ள இடத்தில் இரவு தங்கினால் காய்ந்த பைன் தண்டு இரண்டை ஒன்றன் மேல் ஒன்று வைத்து நடுவில் மூட்டும் ராகோவல்கெயா தீயைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒழுங்காக அடுக்கினால் ராத்திரி முழுக்க எரியும், எழுந்து விறகு போட வேண்டியதில்லை. அடுக்கும் முறையைப் படம் வரைந்து ஞாயிற்றுக்கிழமை தனி இழையாகப் போடுகிறேன்.